புத்தம் புதுப் பழைய வாட்சும் அம்மாவின் தையலும்

புது வாட்சைப் பழைய வாட்சாக மாற்றுவது என் தொழில். சிரிக்காதீர்கள். வேலூரில் எம்.ஏ. பொருளியல் வகுப்பு, மாதனூரில் வீடு, இரண்டுக்கும் நடுவில் பஸ் பிடித்தது போக மிச்சமிருக்கும் நேரத்தில் கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து நான் செய்கிற இந்த வேலைக்கு வேறு பெயர் கிடையாது.

இந்தத் தொழிலில் அநியாயத்துக்கு ஆளானவர் என் அம்மா மல்லிகா. அவர் கையால் தைத்த வாட்ச் பட்டையை ஒரு கண்காட்சியில் வைத்தோம். "இது மெஷின் தையல்" என்று சொல்லி, அவர் பெயர் எழுதிய அட்டையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் காது சூடாகிறது. ஆனால் எடுத்த எடுப்பில் கத்தினால் யாருக்கும் விளங்காது என்பதால், இந்தத் தொழிலின் லட்சணத்தை முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து கையால் எதையாவது செய்து, "இது ஏன் இப்படி இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் உங்களில் இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம்முடைய கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியாது.

டம்ளரில் பன்னிரண்டு நம்பர்

ஒரு வாட்சின் வயது முதலில் தெரிவது டயலில்தான். வெள்ளை டயல் பழுப்பாக வேண்டும், ஆனால் அழுக்காகிவிடக் கூடாது. இதற்கு நான் பயன்படுத்தும் மருந்து டீத்தூள். வாட்சைப் பிரித்து, முட்களைக் கழற்றி ஒரு பாட்டில் மூடியில் பத்திரப்படுத்திவிட்டு, டயலை மட்டும் கெட்டியான டிக்காஷனில் ஊறப்போடுவேன். அரை மணி நேரம் ஊறினால் டயலுக்குப் பத்து வயது கூடும். மதியச் சாப்பாடு வரை ஊறினால் என் அப்பா வயது வந்துவிடும்.

அப்பா வயதைச் சொன்னதால் அப்பாவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குத் தண்ணி பாய்ச்சிவிட்டு வந்தவர், பலகைமேல் இருந்த டம்ளரை எடுத்து மடமடவென்று பாதி குடித்துவிட்டார். பால் இல்லாத டீ உடம்புக்கு நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "ஐயோ டயல்!" என்று நான் ஓடினேன். "ஐயோ அப்பா"ன்னு ஓடியிருக்கணும்டி நீ, என்று அம்மா இன்றைக்கும் குத்திக்காட்டுவார். அப்பா பதறவே இல்லை. டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "இன்னா நிவே, பன்னெண்டு நம்பரும் உள்ள கெடக்குது, முள்ளு ரெண்டையும் நான் முழுங்கிட்டனா?"

ஜெசி அக்காவின் பரிசு

ஜெசி அக்கா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷேர் ஆட்டோவில் என் கையில் இருந்த வாட்சைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பாவுக்கு கிறிஸ்துமஸ் பரிசாக அப்படி ஒன்று வேண்டும் என்றார். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், பழைய பொருள் என்றால் உயிர் என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டயலைச் சுற்றியிருக்கும் கூட்டின், அதாவது கேஸின், ஓரங்களில் இருந்த வெள்ளிப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் இருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும்படி செய்தேன். இது பொறுமையான வேலை. ஜாஸ்தி தேய்த்தால் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும், கம்மியாகத் தேய்த்தால் நேற்று வாங்கியது மாதிரியே இருக்கும். கை படும் இடத்தில் மட்டும், சட்டைக் கை உரசும் இடத்தில் மட்டும் பூச்சு போயிருக்க வேண்டும். நாற்பது வருடம் ஒரு மனிதர் கட்டியிருந்தால் எங்கெல்லாம் தேயுமோ, அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். பன்னிரண்டு நாள் வேலை.

பண்டிகை முடிந்து ஜெசி அக்கா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நிவேதா, அப்பா அதைக் கடையில குடுத்து டயலைத் தொடைச்சு, பாலீஷ் போட்டு, ஸ்டீல் செயின் மாட்டிட்டாரு. 'பாவம், புள்ள பழசை வாங்கி ஏமாந்துட்டா, நான் சரி பண்ணிட்டேன்'னாரு. இப்ப சூப்பரா இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்!"

தழும்பு இருக்கா பாய்?

பட்டைக்குத் தோல் வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு தோலுக்கு அலைவது காவிரிக்கரையில் தண்ணீருக்கு அலைகிற மாதிரி. ஆனால் எனக்கு வேண்டிய தோல் யாரும் வெளியே எடுத்து வைக்காத தோல். உண்ணி கடித்த புள்ளியும், முள் கிழித்த கோடும், சண்டையில் கொம்பு பட்ட தழும்பும் உள்ள துண்டுகள். ஷூ கம்பெனிகள் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டும். ஒதுக்கியது யூசுப் பாய் கடையில் கிலோ கணக்கில் மூலையில் கிடக்கும்.

முதல் நாள் பாய் தன்னிடம் இருந்ததிலேயே வழவழப்பான துண்டை எடுத்துப் போட்டார். நான் வேண்டாம் என்றேன். அடுத்ததும் வேண்டாம் என்றேன். மூலையைக் காட்டினேன். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா பாப்பா பேஜாரு பண்ற! ஊரே தழும்பு இல்லாத மாலு குடுன்னு நிக்குது, நீ குப்பையக் கேக்கற" என்றார். எனக்கு விவாதம் என்றால் சாப்பாடு வேண்டாம். அரை மணி நேரம் பேசினேன். டீயில் ஊறப்போட்டு நான் கொண்டுவருவது பொய் வயது, இந்தத் தழும்பு நிஜ வயது, அந்த மாடு ஏதோ ஒரு வேலியைத் தாண்டியதற்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கோடுதான் என்றேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்று தராசைத் தட்டினார்.

ஆனால் மூன்று மாதத்தில் பாய் மாறிவிட்டார். தழும்புத் துண்டுகளைத் தனிக் கட்டாகக் கட்டி, மேலே என் பெயரை எழுதி வைக்க ஆரம்பித்தார். போன மாதம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன். ஏதோ அவசரம் என்று வெளியே ஓடி வந்து எடுத்தேன். ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: "பாப்பா, அருமையான மாலு வந்திருக்குது, யார் கண்ணுலயும் காட்டல. மொத்தமும் ரிஜெக்டு, உடனே வா!"

ஏழு பொட்டு

இனி அம்மா. பதினெட்டு வருடமாக அம்மா ஷூ கம்பெனியில் கைத்தையல் பிரிவில் இருக்கிறார். மெழுகு போட்ட ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டு ஊசியும் ஒரே துளையில் எதிரெதிராகப் போய் வர வேண்டும், இழுவை இரண்டு கைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கோணல் தெரிந்தால், தரம் பார்க்கிற க்யூசியில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பிரித்துத் தைக்க வேண்டும். தேறியது கப்பல் ஏறும். ஏறும்போது உள்ளே "கையால் தைத்தது" என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். யார் கை என்று இருக்காது. பதினெட்டு வருடத்தில் எத்தனை ஜோடி தைத்தாய் என்று கேட்டால் அம்மா சிரிப்பார்.

முதல் பட்டையை நானேதான் தைத்தேன். பெருமையாகப் பலகைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அதன்மேல் ஏழு சிவப்புப் புள்ளி. என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து எடுத்து, கோணல் இருந்த ஏழு இடத்திலும் ஒட்டிவிட்டு அம்மா கம்பெனி பஸ்ஸுக்குப் போயிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அதிலும் அந்தப் பொட்டு நான் விசேஷத்துக்கு வைத்திருந்தது. சாயங்காலம் சண்டை பிடித்தேன். இது பழசு மாதிரி தெரிய வேண்டிய பொருள், தையல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் பழைய வாட்சுக்குப் பொருந்தும், கம்பெனி சட்டம் இங்கே செல்லாது என்றேன். அம்மா லஞ்ச் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் பட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "பழசுன்னா கோணலாத்தான் இருக்கணும்னு யாருடி சொன்னது? அந்தக் காலத்துல தைச்சவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

அன்றிலிருந்து டயலும் கேஸும் என் பொறுப்பு, பட்டை அம்மா பொறுப்பு.

பஸ்ஸில் பழசாகிறது

டீயும் உப்புத்தாளும் எவ்வளவுதான் செய்தாலும் புதுப் பட்டையின் விறைப்பு போகாது. கையில் கட்டி, வியர்த்து, மடங்கி, நெகிழ்ந்தால்தான் தோல் படியும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி கம்பெனி பஸ். காலையில் ஏறும்போது அம்மா கையில் வாட்சைக் கட்டிவிடுவேன். கம்பி பிடித்து, டிபன் கேரியர் உரசி, ஜன்னலில் கை வைத்து, ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து போகிற அந்தப் பயணத்துக்கு ஈடான பயிற்சி எந்தப் பட்டைக்கும் கிடையாது. கம்பெனிக்குள் போகும்போது கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார், திரும்பும்போது மறுபடி கட்டிக்கொள்வார். இரண்டு வாரத்தில் பட்டை மணிக்கட்டின் வளைவைப் படித்துக்கொண்டு வரும். உடனே அதை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கட்டிவிடுவேன்.

அம்மாவுக்குப் பக்கத்து சீட் செல்வி அக்கா. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். ஒருநாள் அம்மா காதோரம் குனிந்து, பஸ்ஸே கேட்கிற மாதிரி கேட்டாராம்: "யக்கா, தப்பா நெனைக்காத. ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்ச் மாத்தற, எல்லாமே பழசா வேற இருக்குது. உம் பொண்ணு காலேஜுக்குத்தான் போறாளா?"

மேசை மாறிய கதை

இப்போது அந்தக் கண்காட்சி. வேலூரில் ஒரு கல்லூரி வளாகத்தில், பெண்கள் வீட்டில் செய்யும் பொருள்களுக்காக நடந்தது. கைவேலைப் பொருள்களுக்குத் தனி மேசை. அந்த மேசையில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால், செய்தவர் பெயரும் ஊரும் எழுதிய அட்டை வைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகவே நான் போனேன். முந்தின வாரம் முழுக்க அம்மா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு, "இனிஷியலோட போடு. கெ. மல்லிகா. அட்டையோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எனக்கு இன்னிக்கு ஷிப்ட் இருக்குது" என்றார்.

"தோல் பட்டை, கைத்தையல்: கெ. மல்லிகா, மாதனூர்" என்று எழுதி வைத்தேன். போட்டோவுக்குக் கூட்டம் விலகட்டும் என்று காத்திருந்தேன். கூட்டம் விலகியது, கண்காட்சியை நடத்திய மேடம் வந்தார். கையில் பூதக்கண்ணாடி. பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மெஷின் தையல்மா. இந்த மேசையில வைக்க முடியாது" என்று சொல்லி, வாட்சை எடுத்துப் பிளாஸ்டிக் வளையல் விற்கும் மேசையில் வைக்கச் சொன்னார். அட்டையைத் தன் பைலுக்குள் வைத்துக்கொண்டார்.

விட்டுவிடுவேனா? மெஷினில் மேல்நூல் வேறு, அடிநூல் வேறு, கையில் இரண்டு பக்கமும் ஒரே நூல் என்றேன். ஒரு தையலை அறுத்துக் காட்டட்டுமா என்றேன். வளையல் வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மேடம் கோபப்படவே இல்லை, அதுதான் என்னை இன்னும் எரித்தது. ரொம்பப் பரிவாக என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "கையால தைச்சா எங்கேயாவது ஒரு இடத்துல கை தடுமாறியிருக்கும்மா. இதுல ஒண்ணுகூட இல்லையே. நீ பொய் சொல்றேன்னு சொல்லல. உங்க அம்மா உனக்குச் சொல்லாம மெஷின்ல போட்டிருக்கலாம் இல்லையா?"

க்யூசி பாஸ்

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உடைந்துபோவார் என்று வழியெல்லாம் ஆறுதல் வாக்கியங்கள் தயாரித்து வந்திருந்தேன். அம்மா என்னடாவென்றால் வாய்விட்டுச் சிரித்தார். "மெஷினுன்னா சொன்னாங்க? பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தே ஒரு தப்பு கெடைக்கலையா? அப்ப க்யூசி பாஸ்!" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் பஸ்ஸிலும் சொல்லியிருக்கிறார். கைத்தையல் பிரிவே கைதட்டியதாம். உன்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள், நீ கொண்டாடுகிறாயா என்று அம்மாவிடமே ஒரு மூச்சு சண்டை போட்டேன். கத்திக் களைத்து உட்கார்ந்தபோது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அம்மா கேட்டார்: "அந்த அட்டையத் திருப்பிக் குடுத்தாங்களா?"

அரை நாள் லீவு

அன்றைக்கே கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். தையலின் இலக்கணம் ஒரு பக்கம், உழைப்பைப் பற்றிய என் பாடத்திட்டம் ஒரு பக்கம், மூன்றாவது பக்கம் முழுக்கக் கோபம். பத்து நாள் கழித்து மேடம் போன் செய்தார். "உங்க அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா? எனக்கும் மனசு சரியில்லை" என்றார். அம்மா அரை நாள் லீவு போட்டு, விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் என் வாதங்களை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போயிருந்தேன்.

ஒரு வாதம்கூடத் தேவைப்படவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, கொண்டுவந்திருந்த தைக்காத பட்டை ஒன்றை முழங்கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு ஊசியும் போய் வந்தன. கண் பட்டைமேல் இருந்ததைவிட அந்த அறையைச் சுற்றியதுதான் ஜாஸ்தி. "இது பூதக்கண்ணாடியா மேடம்? எங்க கம்பெனியில இதெல்லாம் கெடையாது, வெறும் கண்ணாலயே புடிச்சிடுவாங்க" என்று பேச்சு வேறு. இருபது தையல் போட்டு நீட்டினார். மேடம் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பைலைத் திறந்து அந்த அட்டையை எடுத்து இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். "தப்பு என்னோடதுதான்மா" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். மேடம் நல்லவர். நல்லவர்களுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அடுத்த தடவை ஒரே ஒரு தையலை மட்டும் லேசா கோணலா விட்டுடுங்க. அப்பத்தான் பாக்கறவங்களுக்கு இது கைவேலைன்னு தெரியும்" என்றார். நான் தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மூன்று பக்கம் எழுதியும் எனக்குச் சொல்ல வராததை, மிச்ச நூலை அறுத்துக்கொண்டே சொன்னார்:

"கைன்னு தெரியணும்னா பேரப் போடுங்க மேடம், தையல எதுக்குக் கெடுக்கணும்?"